அமுதவள்ளி அருவிக்குப் போனாள்

மேரு சாலையில் ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிள் சறுக்கி லோரிக்கு அடியில் போனதில், அமுதவள்ளிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கையுறைத் தொழிற்சாலைத் தோழிகளோடு லங்காவித் தீவுக்குப் போக அவள் துணிமணி எடுத்து வைத்திருந்த வாரம் அது. தோழிகள் மட்டும் போய்வந்தார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே பாறை பாறையாக இறங்கும் அருவியில் எல்லோரும் நனைந்து நிற்கும் படத்தை அவர்களில் ஒருத்தியான மலர்விழி தயங்கித் தயங்கித்தான் காட்டினாள். அமுதவள்ளி அழவில்லை. நானும் அங்கே போவேன் என்று மட்டும் சொன்னாள்.

அவள் கணவன் குரு நல்லவன். அதுதான் தொல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவளைக் குளியலறைக்குத் தூக்கினான், காருக்குத் தூக்கினான், கோயில் படியிலும் தூக்கினான். செயற்கைக் கால் பொருத்தி அவள் நடக்கத் தொடங்கிய பிறகும் அவன் கைகள் முன்னால் நீண்டுகொண்டே இருந்தன.

லோரி ஓட்டுநரான அவன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனதும், அவள் வீட்டைப் பூட்டிவிட்டு அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்கினாள். தோல் உரிந்தால் ஆறும்வரை பொறுத்தாள். ஆறியதும் மறுபடி ஏறினாள். தண்ணீரில் அந்தக் கால் ஆகாது என்று, நடக்கப் பயிற்சி தந்த பிசியோ பெண் சொல்லியிருந்தாள். அதனால் காலைக் கழற்றி வைத்துவிட்டு, கைகளை ஊன்றி உட்கார்ந்தபடியே நகரவும் பழகிக்கொண்டாள்.

லங்காவி என்றதும் குரு மறுக்கவில்லை. அங்கே தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தான். சுபாங் விமான நிலையத்திலிருந்து விமானம் ஏறினார்கள்.

சாலையோரம் காரை நிறுத்தியதும் காட்டுக்குள்ளிருந்து அருவியின் சத்தம் கேட்டது. வேர் பின்னிய பாதை, மழை பெய்து வழுக்கியது. குரு குனிந்து முதுகைக் காட்டினான்.

"ஏறிக்க அமுதா. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"நான் நடந்துதாங்க வரேன். நீங்க பக்கத்துல வாங்க, போதும்."

கைத்தடியை ஊன்றி ஊன்றி நடந்தாள். பின்னால் வந்த கூட்டம் அவளைத் தாண்டிப் போயிற்று. வழியில் ஒரு குரங்கு நகராமல் உட்கார்ந்திருந்தது; அதைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அருவி விழும் குளத்தருகே பாறையில் உட்கார்ந்து பேண்ட்டைச் சுருட்டிக் காலைக் கழற்றினாள். குளித்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் பார்த்தார்கள், சிலர் அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கழற்றிய காலைக் குருவின் கையில் கொடுத்துவிட்டு, உட்கார்ந்தபடியே பாறையில் நகர்ந்தாள்.

விளிம்பில் பாசி வழுக்கிவிட்டது. சடாரென்று தண்ணீருக்குள் விழுந்து தலைவரை மூழ்கினாள்.

குரு போட்டிருந்த சட்டையோடும் காலில் சப்பாத்தோடும் பாய்ந்தான். அவன் இடுப்பளவுத் தண்ணீருக்கு வருவதற்குள் அவள் ஒரு பாறையைப் பற்றி எழுந்து நின்றாள், இருமியபடி, ஒற்றைக் காலில். அவனோ அவள் கழற்றிக் கொடுத்த காலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான்.

"அங்கயே நில்லுங்க," என்றாள். "விழுந்தேன், எழுந்துட்டேன்லா. நீங்க தூக்குனா நான் வந்ததுக்கு அர்த்தமே இல்ல."

குரு நின்றான். அது அவனுக்கு எவ்வளவு கடினம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் திரும்பிக்கொண்டாள். பாறைக்குப் பாறை கைமாற்றிப் பிடித்து, தத்தித் தத்தி அருவிக்கு அடியில் போய் நின்றாள். தண்ணீர் தோளிலும் பிடரியிலும் அறைந்தது. ஐஸ் மாதிரிக் குளிர்ந்தது. மூச்சு முட்டியது. அங்கிருந்து போகவே மனம் வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, கையிலிருந்த காலைக் காய்ந்த இடத்தில் வைத்துவிட்டு வரும்படி அவனையும் கூப்பிட்டாள். வந்தான். அவள் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றான். அழுதானோ என்னவோ, அந்தத் தண்ணீரில் எப்படித் தெரியும்?

திரும்பும்போது காலை மாட்டிய இடம் தீயாய் எரிந்தது. பாதி வழியில் அவளே அவன் தோளைக் கேட்டாள். அவன் தோளை மட்டும் கொடுத்தான்.

சாலைக்கு வந்ததும் மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்தது.

"கடல் கிட்டத்துலதான் இருக்கு," என்றான் குரு. "எறங்குறியா?"

"இன்னிக்கு வேணாங்க. புண்ணாயிடுச்சு. பசிக்குது, முதல்ல சாப்பிடுவோம்."