காருக்கு எது இடது

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"விட்டுராத. அப்பிடியே பிடிச்சிக்கோ... ம், போதும். இப்ப விடு. எப்பிடி இருக்கு?"

"ஊறின பஞ்சை மிதிச்ச மாதிரி இருக்கு. கால் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு."

முன்சக்கரம் இருந்த இடத்தில் மல்லாந்து கிடந்தான் சுடலைமணி. காலையிலிருந்து எத்தனையாவது மிதி என்று அவனுக்கே மறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையானதால் அவன் வேலை பார்க்கும் மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கின் முற்றத்தில் லாரி எதுவும் இல்லை. அவனுடைய பழைய கார் மட்டும் மரக்கட்டைகளின் மேல் நின்றது. இரண்டு பக்கமும் சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பிரேக் காலிப்பர் புதிது, குழாய் புதிது, ஆயில் புதிது. பெடல் மட்டும் தரைவரை போனது.

ஸ்டீயரிங்கின் பின்னால் அவன் மனைவி சந்தனமாரி, ஒரு கால் பெடலிலும் ஒரு கால் கதவுக்கு வெளியிலுமாக உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் தோப்பும்படி பாலத்துச் சரிவில் பழைய பிரேக் பிடிக்காமல் கார் ஓர் ஆட்டோவின் முதுகில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று இறங்கியவள் இறங்கியவள்தான். தேவரா ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு அதன்பிறகு பஸ்ஸில்தான் போனாள். "ஓடாத வண்டியில வேணா உக்காருறேன்" என்ற ஒப்பந்தத்தில்தான் இன்றைக்கு மிதிக்கவே வந்தாள்.

அவன் வேலையும் அவள் வேலையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. இருவரும் ஆற அமரப் பேசியதெல்லாம் அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடக் காரில் போகும் அந்த அரைமணி நேரத்தில்தான். அது போனபிறகு பேச்சு, தண்ணி வந்ததா, கேஸ் தீர்ந்ததா என்று சுருங்கிவிட்டது. அவள் மறுபடி ஏற வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"உள்ள காத்து இருக்கு மாரி. எடுக்கேன், எடுக்கேன், ஆயில்தான் வருது."

"யூடியூப் வாத்தியார் என்ன சொல்றாரு? தள்ளுங்க, பாப்போம்." இறங்கி வந்து குனிந்தாள். "காத்த எது வழியா எடுக்கீங்க?"

"இந்தா, இந்த நட்டு."

நட்டு காலிப்பரின் அடியில் இருந்தது.

"கீழயா இருக்கும்?"

"கம்பெனிக்காரன் வச்சிருக்கான்."

"சாமீ, டிரிப் டியூப்ல காத்து மேலதான் ஏறும். கீழ தொறந்தா மருந்து போகும். காத்து உச்சியில உக்காந்து நம்மளப் பாத்துச் சிரிக்கும். ரெண்டையும் பக்கம் மாத்தி மாட்டிட்டீங்களா?"

"இடதுக்கு இடதுதான் மாட்டினேன். டப்பாவுலயே போட்டிருந்துச்சு."

"எங்க நின்னு பாத்து?"

சுடலைமணி எழுந்தான். காரின் முகத்துக்கு எதிரே போய் நின்று இடது கையை நீட்டினான். கை பாதியிலேயே நின்றது; அது நீண்டது காரின் வலது பக்கம். பத்து வருடமாக அவனுக்கு அதுதான் பிழைப்பு: ஒடுங்கிய பஜார் தெருவுக்குள் நுழையும் லாரிக்கு எதிரே நின்று வழி சொல்வது. அவன் "லெஃப்ட்" என்றால் அது அவனுடைய லெஃப்ட். வந்துபோகிற டிரைவர்கள் எல்லாரும் அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளப் பழகியிருந்தார்கள். காலிப்பருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"எங்க வார்டுல இடதுன்னா படுத்துக் கிடக்கிறவரோட இடது. மொத நாளே சொல்லிக் குடுத்திருவாங்க" என்றாள் சந்தனமாரி. "நல்லவேளை, உங்கள ஆப்பரேஷன் தியேட்டர்ல விடல."

வெட்கமும் சிரிப்புமாக அவன் மறுபடி தரையில் படுத்தான். கழற்றி, பக்கம் மாற்றிப் பூட்ட வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இப்போது நட்டு மேலே இருந்தது. அவள் மிதித்தாள், அவன் திறந்தான். பாட்டிலுக்குள் விட்டிருந்த குழாயில் குமிழிகள் முத்துமுத்தாக ஓடின, இத்தனை நேரம் யாரோ உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததைப்போல. பிறகு வெறும் ஆயில்.

"கல்லு மாதிரி நிக்குது" என்றாள் அவள், தன் காலையே நம்பாதவளாக.

சக்கரங்களைப் பூட்டி, காரை இறக்கி, இஞ்சினைப் போட்டு அவனும் மிதித்துப் பார்த்தான். நின்றது. முற்றத்தில் தனியாக மெல்ல ஓட்டினான், நிறுத்தினான். சற்று வேகமாக ஓட்டினான், நிறுத்தினான். சந்தனமாரி கிடங்குக் கதவில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, சக்கரங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது முறை கார் அவளருகே வந்து நின்றது. சுடலைமணி எட்டி மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

"தோப்பும்படி வரைக்கும் மட்டும், மாரி. பாலத்துல ஏற மாட்டேன், அதுக்கு முன்னாடியே திருப்பிருதேன். கூட வர்றியா?"