ரோலுக்கு வைத்த தலையணை

எங்கள் பட்டறையில் டி-ஷர்ட் தைக்கிறோம். பெரியப்பா முதலாளி. சித்தப்பா கட்டிங் மாஸ்டர். வெட்டி வருவதைத் தைப்பவர் என் அண்ணி. தைத்ததை அளந்து பார்த்துக் கட்டி அனுப்புவது என் வேலை. ஆகவே நடந்ததெல்லாம் என் மேஜைக்கு முன்னால்தான் நடந்தது. இதில் கேள்விப்பட்டது என்று ஒன்றுமில்லை.

முதலில் சட்டைகள் திரும்பி வந்தன. ஒரு தடவை துவைத்ததும் தொப்புள் தெரிகிற அளவுக்கு ஏறிவிடுகிறது என்று கடைக்காரர் போனில் கத்தினார். பெரியப்பா போனை வைத்துவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அண்ணியைப் பார்த்தார்.

"வெட்டுனது அளவாத்தான் இருக்கு. துணியை இழுத்து இழுத்துத் தைச்சா சட்டை குட்டையாகாம வேற என்ன ஆகும்?"

"இன்னொரு தடவை திரும்பி வந்துச்சுன்னா நீ வீட்லயே இரும்மா," என்றார் பெரியப்பா. "வேற ஆள் பாத்துக்கறோம்."

அண்ணி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து தைக்க உட்கார்ந்தவர் இல்லை. தைக்க வந்தவர், பிறகுதான் மருமகளானார். அந்த மெஷினிலிருந்து எழுப்பினால் அவருக்கு என்ன மிஞ்சும் என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை.

அவர் அழவில்லை. நிதானமாகச் சொன்னார்.

"பெரிய மாமா, பனியன் துணி ரப்பர் மாதிரி. மில்லுல ரோலா சுத்தும்போது இழுத்துப் பிடிச்சுத்தான் சுத்துறாங்க. அந்த இழுப்போடயே நாம வெட்டிடறோம். தண்ணி பட்டதும் துணி தன் அளவுக்குப் போயிடுது. ரோலைப் பிரிச்சு டேபிள் மேல தளர்வா போட்டு வைங்க. ஒரு நாள் ஓய்வா கிடக்கட்டும். அப்புறம் வெட்டிப் பாருங்க."

இதில் புரியாதது என்ன இருக்கிறது? ஆனால் சித்தப்பாவுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது.

"துணிக்கு ஓய்வாம்ண்ணே. சம்பளத்தோட லீவா, சம்பளம் இல்லாமலா?"

பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று முழுக்க அதே பேச்சு. சாயங்காலம் நான் கட்டிங் அறைக்குப் போனபோது, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ரோலின் உச்சியில் ஒரு தலையணையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார் சித்தப்பா. போகிற வருகிறவர்களிடம், "சத்தம் போடாதீங்க, தூங்குது," என்றார்.

அண்ணி கோபத்தை வாயில் காட்டவில்லை. ரோலிலிருந்து ஒரு முழத் துணியைக் கேட்டு வாங்கி என் மேஜையில் விரித்தார். இரு முனையிலும் மேஜைப் பலகையில் சாக்பீஸால் கோடு போட்டார். மறுநாள் காலை துணி இரண்டு கோட்டையும் விட்டு உள்ளே வந்திருந்தது. ஒரு விரற்கடை. நான் பார்த்தேன். சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினோம்.

"எலி இழுத்திருக்கும்," என்றார்.

"எலி ரெண்டு பக்கமும் ஒரே அளவா உள்ள தள்ளுமா சின்ன மாமா?"

"அப்போ நீயே தள்ளி வெச்சிருப்ப."

எனக்கு ரத்தம் கொதித்தது. தெரியாதது குற்றமில்லை. ஆனால் கண்ணெதிரே கிடக்கிற துணியைக் குனிந்து பார்க்காமல், சொன்னவளைத் திருடி ஆக்குவது என்ன நியாயம்? "எனக்குப் புரியலை, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். அதைக் கேட்க எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நாக்கு எழவில்லை. கேட்டால் இத்தனை வருஷம் வெட்டிய வெட்டெல்லாம் என்ன கணக்கில் சேரும் என்ற பயம். கேலி பண்ணினால் அந்தப் பயம் வெளியே தெரியாது.

கடைக்காரர் மறுபடி போன் செய்தார், இந்தத் தடவை கத்தாமல். அதில் பெரியப்பா ஆடிப்போனார். "சரி, அவ சொன்ன மாதிரியே செஞ்சு பாத்துடுவோம்," என்றார். அண்ணி முகத்தில் அன்றுதான் வெளிச்சம் பார்த்தேன்.

கட்டிங் அறை சித்தப்பாவின் ராஜ்யம். தைப்பவர்கள் உள்ளே போகக்கூடாது. ஒரு நாள் விட்டு, வெட்டிய துண்டுகள் வெளியே வந்தன. அண்ணி பார்த்துப் பார்த்துத் தைத்தார். முதல் சட்டையைத் துவைத்துக் காயவைத்து அளந்தேன். மறுபடியும் குட்டை.

"பாத்தியா," என்றார் பெரியப்பா. "உன் யோசனையையும் செஞ்சு பாத்தாச்சு. இனி குறை சொல்ல என்ன இருக்கு? கோளாறு உன் கையிலதாம்மா."

அண்ணி சட்டையைக் கையில் எடுத்து மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"சின்ன மாமா, ரோலைப் பிரிச்சுப் போட்டீங்களா?"

"பிரிச்சா தூசி படியாதா? வெட்டுற நேரம் வரைக்கும் பிளாஸ்டிக் உறையில கை வைக்கக்கூடாதுங்கறது இங்க சட்டம். ரோலை அப்படியே படுக்க வெச்சேன். ஒரு நாள் முழுசும். ஃபேன்கூடப் போட்டு விட்டேன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் செய்திருந்தார்.

"பிரிக்கலைன்னா அது செஞ்ச மாதிரியே இல்ல பெரியப்பா," என்றேன் நான். "இறுக்கிக் கட்டிவெச்ச துணி எப்படித் தளரும்?"

"நீ அளக்கற வேலையைப் பாரு."

அண்ணி தன் கத்தரிக்கோலையும் நாற்காலியில் போட்டிருந்த மெத்தையையும் எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், "அந்த சாக்பீஸ் கோட்டை மட்டும் அழிச்சிடாத தம்பி," என்றார்.

அழிக்கவில்லை.

நான்கைந்து நாள் கழித்து, பெரியப்பா வெளியே போயிருந்த நேரம், சித்தப்பா என் மேஜை அருகே வந்து நின்றார். கோட்டின் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"பிரிச்சுப் போடணும்னு அவ சொன்னாளா?"

"சொன்னாங்க."

"எங்கிட்ட சொல்லலையே."

"உங்ககிட்டதான் சொன்னாங்க சித்தப்பா. நீங்க சிரிச்சிட்டிருந்தீங்க."

அவர் கட்டிங் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். புது ரோலின் உறையை ஓரத்தில் கொஞ்சம் கிழித்து, ஒரு கை நீளம் துணியை வெளியே இழுத்து, விட்டுப் பார்த்தார். அது சுருங்கி உள்ளே போனது. மறுபடி இழுத்தார். மறுபடி போனது. அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

வாசலில் பெரியப்பாவின் குரல் கேட்டது. கூடவே ஒரு பெண், புதிதாகத் தைக்க வந்தவள்.

சித்தப்பா அவசரமாகத் துணியை உள்ளே திணித்து, கிழிந்த இடத்தில் டேப் ஒட்டினார்.

"என்னடா மாஸ்டர், எல்லாம் சரியா?" என்றார் பெரியப்பா.

"ஆளை மாத்திட்டோம்லண்ணே," என்றார் சித்தப்பா. "இனிமே சரியாயிடும்."