சேவல் கூவ வேண்டிய இடம்

மரியசூசை மலைமேல் இருக்கும் மிஷன் பள்ளி விடுதியில் சமையல்காரர். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் அவர் வெறும் மரியசூசைதான். பெரிய வெள்ளியன்று மட்டும் ஏசுவின் சீடர் இராயப்பர். கோயில் மைதானத்தில் ஏசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கு நாடகத்தில், ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்து, சேவல் கூவியதும் தேம்பி அழுகிற வேஷம். பதினொரு வருஷமாக அவரோடு சேர்ந்து ஊரே அழுதது.

போன வருஷம், 1980இல், அவர் மானம் கப்பலேறியது. முதல் மறுதலிப்பு முடிந்ததுமே கூட்டத்தின் நாலு மூலையிலிருந்தும் சேவல்கள் கூவின. கஸ்பாரும் அவன் கூட்டாளிகள் நாலு பேரும்தான். இருபது வயசுத் தடியன்கள். பஸ் ஸ்டாண்டில் டூரிஸ்டுகளை வம்புக்கு இழுப்பது, மூஞ்சிக்கல் வளைவில் பெண்களைப் பார்த்து விசிலடிப்பது, தெருவிளக்கைக் கல்லால் உடைப்பது, இதற்கெல்லாம் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. சனம் சிரித்த சிரிப்பில் இராயப்பர் தாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். அழுகை அன்றைக்கும் வந்தது. ஆனால் அது வேஷத்து அழுகை இல்லை.

இன்னொரு தரம் கலாட்டா நடந்தால் இனிமேல் பாஸ்குவே கிடையாது என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். அதனால் இந்த வருஷம் நாடகக் கமிட்டி கூடியதும், ஐந்து பேர் பெயரையும் எழுதிய போலீஸ் மனுவை மரியசூசை எடுத்து நீட்டினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், நாடக உடுப்புகள் தைக்கும் சகாயராணியைத் தவிர.

"கேசுன்னு ஒண்ணு விழுந்துட்டா அப்புறம் அவனுங்களுக்கு அதே சோலியாப் போயிரும்ண்ணே. எங்கிட்ட விடுங்க."

"ஒன்னைய ஏச்சுப்புடுவானுங்க தங்கச்சி."

அவள் கேட்கிற ஆளா? மறுநாள் வெள்ளனே கழுத்தில் இஞ்ச் டேப்போடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் கஸ்பார் முன்னால் நின்றாள். காய்கறி லாரிக்காகக் காத்திருந்த மரியசூசையின் காதுபடவே ஆரம்பித்தாள்.

"ஏலே கஸ்பாரு, ஒங் குரலு நெசச் சேவலாட்டம் இருந்துச்சுலே. நாடகத்துல திரைக்குப் பின்னால ஞானமுத்தண்ணன் கூவுறது சளி புடிச்ச கோழியாட்டம் கெடக்கு. ஆனா நீ எடந்தெரியாமக் கூவிட்ட. மூணு தடவ மறுதலிச்ச பொறவுதான சேவல் கூவணும்? இது கூடவா தெரியாது?"

அவன் கூவியதற்காக ஊரே திட்டியது. கூவலை ஒரு வேலையாக மதித்து அதில் குறை கண்டவள் இவள் ஒருத்திதான். என்ன மூளை அந்தப் பெண்ணுக்கு! கஸ்பாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எடத்தச் சொன்னா நான் கூவ மாட்டனாக்கும்?"

"அப்ப ஒத்திகைக்கு வா. மத்த நாலு பேரும் ரோமச் சேவகனுங்க. ஈட்டியோட முன்னால நின்னு, சத்தம் போடுறவன அமத்தி வைக்கிற வேல." சொல்லிக்கொண்டே ஒருவனுக்குத் தோள் அளவு எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

மரியசூசைக்கு நம்பிக்கை வரவில்லை. சகாயராணிக்குத் தெரியாமல் மனுவை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வந்தார். நாடகத்தன்று ஆள் அனுப்புவதாக அங்கே சொன்னார்கள்.

ஐந்து வாரமும் பையன்கள் தவறாமல் வந்தார்கள். சாயங்காலங்களில் மூஞ்சிக்கல் வளைவு அமைதியாகக் கிடந்தது. சேவகர்கள் தெருவிலேயே விறைப்பாக நடந்து பழகினார்கள். கஸ்பாருக்கு இராயப்பர் வசனம் முழுக்க மனப்பாடம். ஒருநாள் மரியசூசை தடுமாறியபோது அவன்தான் மெதுவாக எடுத்துக் கொடுத்தான். ஸ்டேஷனுக்குப் போய் மனுவைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று மரியசூசைக்குத் தோன்றியது. கௌரவம் விடவில்லை.

குளிருக்குப் பயந்து மத்தியானமே நாடகம் தொடங்கியது. மேகம் மைதானம் வரை இறங்கியிருந்தது. "அந்த மனுஷனை நான் அறியேன்" என்று மூன்றாம் முறையாக இராயப்பர் சொன்னார். சேவகர்கள் ஈட்டியோடு நின்ற விறைப்பில் கூட்டத்தில் ஒரு குழந்தைகூட இருமவில்லை. அப்போது ஒரே ஒரு சேவல் கூவியது. மரியசூசைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் அப்படி அழுததே இல்லை. சனமும் அழுதது.

நாடகம் முடிந்து மேடைக்குப் பின்னால் வந்தால், போலீஸ்காரர் மயில்சாமி மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். சகாயராணி மடித்துக்கொண்டிருந்த சிவப்பு அங்கியை அப்படியே மடியில் போட்டுக்கொண்டு மரியசூசையைப் பார்த்தாள். அவருக்குத் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"இதுல மொதப் பேரு கஸ்பாருன்னு கெடக்கே, ஆளு யாருங்க?"

"தெரியாதுங்க."

"மத்த நாலு பேரு? அந்தா ஈட்டியோட நிக்கிறானுங்களே, அவனுங்களா?"

"அவங்களையும் தெரியாதுங்க."

"என்னங்க இது, கையெழுத்து ஒங்களுதுதான? ஒருத்தனக் கூடவா தெரியாது?"

தாடியைக்கூடக் கழற்றாத மரியசூசை நிமிர்ந்தார். மேடையில் பேசிய அதே குரலில் சொன்னார்: "இந்த மனுவிலுள்ள எந்த மனுஷனையும் நான் அறியேன்."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து சேவல் கூவியது. இடம் தெரிந்துதான் கூவியது.