எண்ணாக வந்த பன்றி

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. வட்டவடையிலிருந்து மூணாறு போகும் ஜீப்பில் என் தோளை இடித்துக்கொண்டு வந்த இன்னாசிராஜுடையது. "எழுபத்தெட்டுலயே துப்பாக்கி வெளையாட்டு செஞ்சவன் தம்பி நான். கைக்குள்ள அடங்குற மிஷின்ல" என்றார். நான் நம்பவில்லை. அவர் இறங்குவதற்குள் நம்பிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'மலைமுகடுகளில் பனி தவழ்ந்த ஒரு மாலை…' வேண்டாம். அவர் பனியைப் பற்றிப் பேசவே இல்லை.

இரண்டாவது: ஏலத்தோட்டத்து எலக்ட்ரீஷியன் இன்னாசிராஜுக்கு அவர் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு கால்குலேட்டர் கொண்டுவந்தார். கணக்கின் படிகளைச் சொல்லிக்கொடுத்தால் நினைவில் வைத்துக்கொண்டு தானே செய்யும். கொஞ்சம் படிகள்தான் கொள்ளும்.

(பனி இல்லாமலே தொடங்கிவிட்டது.)

3

அவர் மனைவி கத்தரீனாள் அப்போது வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். ஒரு மாதம் முன்பு, அந்தி மங்கலில் ஏலச்செடிகளுக்கிடையே விறகு பொறுக்கியவளைப் பன்றி என்று நினைத்து தோட்டக் காவல் வாச்சர் வீரபாண்டி சுட்டுவிட்டார். ரவைகளை எடுத்தாயிற்று, வலக்கை விரல்கள்தான் மடங்கவில்லை. மடக்கிப் பழகச் சொன்னார் டாக்டர். அவள் பழகவில்லை.

அதற்காகத்தான் கால்குலேட்டரில் விளையாட்டு. படம் கிடையாது. துப்பாக்கி உங்கள் கையில். எதிரே சிவப்பாக ஒளிரும் எண்தான் பன்றி. நாற்பதடி, முப்பது, இருபது என்று நெருங்கும். மேலே வந்து விழுவதற்குள் விசையை அமுக்கிச் சுட வேண்டும்.

(சுடப்பட்டவளுக்குச் சுடும் விளையாட்டா? இப்படியொரு மடையனை வாசகர் நம்புவாரா? ஜீப்பிலேயே கேட்டேன். "ஒருதடவ அவ சுட்டுட்டான்னா பயம் போயிரும்னு நெனச்சேன்" என்றார்.)

4

கத்தரீனாள் சுடவில்லை. எண் பூஜ்யமாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, வாரது பன்னிதான்னு எப்படித் தெரியும்?"

"நம்பர்தானே கத்தரீனா."

"அன்னைக்கு வீரபாண்டி அண்ணனுக்கும் இப்படித்தான தெரிஞ்சிருக்கும்?"

இன்னாசிராஜ் [இங்கே ஓர் உவமை இருந்தது, அடித்துவிட்டேன்] மிஷினை அணைத்தார்.

"யாருன்னு கேக்க ஒரு பட்டன் வைங்க" என்றாள்.

கேட்டதும், வருவது மனிதர் என்றால் எண் நின்றுவிட வேண்டும். பன்றி என்றால் நிற்காது. அதற்கு மிஷினில் இடமில்லை. சுட்டவருக்குப் புள்ளி போடும் படிகளையெல்லாம் அழித்து இடம் பண்ணினார்.

கத்தரீனாள் விளையாடினாள். அமுக்கும்போதெல்லாம் "யாரு?" என்று வாய்விட்டே கேட்டாள். விரல் வலித்தது, விடவில்லை.

5

ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் மிஷினோடு நேரே வீரபாண்டியின் வீட்டுக்கு நடந்தாள். சுட்ட நாளிலிருந்து அவளைக் கண்டாலே வேறு பாதையில் போய்விடுகிறவர் அவர். அன்று போக வேறு பாதையில்லை. வாசலில் எழுந்து நின்றார்.

"அண்ணே, இதப் பிடிங்க. சுடுறதுக்கு முன்னாடி இந்தப் பட்டன அமுக்கணும்."

இந்த இடத்தில் ஜீப் நின்றது. இன்னாசிராஜ் இறங்கிப் போய்விட்டார்.

வீரபாண்டி அழுதார் என்று எழுதிப் பார்த்தேன். மிகை. 'மன்னிச்சிரு தாயி என்று அவர்…' இல்லை, அது அவராகச் சொல்ல வேண்டியது. நான் சொல்லிக்கொடுக்க முடியாது.

அதனால் இத்தோடு விடுகிறேன். வீரபாண்டியின் கையில் எண் குறைந்துகொண்டே வருகிறது. எதிரே கத்தரீனாள் நிற்கிறாள். இனி அவர் 'யாரு?' பட்டனை அமுக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள்.