மாப்பிள்ளை கொண்டுவந்த புல்

1

கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டிய கதை இது. சமையலறைக் கழிவை உரமாக்கினால் மண்ணுக்கும் மனிதருக்கும் என்ன நன்மை என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள். உட்கார்ந்தேன். ‘மட்கிய உரம் மண்ணின் ஈரத்தைக் காக்கிறது, தெருவாரை ஒன்றுசேர்க்கிறது, குப்பைமேட்டின்...’

அங்கேயே நின்றுவிட்டது. குப்பைமேட்டின் அடியில் ஒரு வீடு இருப்பது நினைவுக்கு வந்தது.

2

அங்கே இருப்பது தையல்காரியின் தங்கை. மேடு உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும்; தங்கையின் மகள் இருமிக்கொண்டே இருப்பாள். தையல்காரி எங்கள் தெருவில் இருக்கிறாள்.

“என் வீட்டுக் காய்த்தோல் என் தங்கச்சி புள்ள மூக்குல புகையா போகக் கூடாது” என்று சொல்லித்தான் தெருக்கோடிக் காலிமனையில் உரக்குவியலை ஆரம்பித்தாள். (ஒரு தெருவின் தோலை நிறுத்தினால் அந்த நெருப்பு அணைந்துவிடாது. அது அவளுக்கும் தெரியும்.)

முகம் கொடுத்துப் பேசாத வீடுகள்கூட வாளியோடு வந்து நின்றன. ஒரே ஒரு சட்டம்: கொட்டுகிறவர்தான் சருகு அள்ளித் தன் கழிவை மூட வேண்டும். வங்கி மேலாளருக்கும் விலக்கில்லை. உரம் எல்லார் வீட்டுத் தொட்டிக்கும் போனது. என் தக்காளி, சொன்னால் கண்ணுபடும், அப்படிக் காய்த்தது.

3

[இங்கே ஒரு வில்லன் வேண்டும். ‘பூச்சிமருந்து முதலாளி மீசையை முறுக்கியபடி...’ சகிக்கவில்லை. விட்டுவிட்டேன்.]

வந்தது தங்கையின் கணவர்தான். விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டுகிற வேலை. வேலைக்குப் போகிற வழியில், தெரு எழுந்திருக்கும் முன்பே, முந்தின நாள் வெட்டிய புல்லை மூட்டை மூட்டையாக இறக்கினார்.

“எங்களுக்காக இவ்ளோ பண்றீங்க. நான் வெறுங்கையோட வரலாமாக்கா?”

அவளுக்கு வாயெல்லாம் பல். புல் சேர்ந்ததும் குவியல் நன்றாகச் சூடேறியது. தினமும் கம்பியைச் செருகி எடுத்துப் புறங்கையில் வைத்துப் பார்ப்பாள். இந்தச் சூட்டில் எந்த நஞ்சும் வெந்துபோகும் என்று நம்பினாள்.

வேகவில்லை. மைதானத்துப் புல்லில் களைக்கொல்லி அடித்திருந்தார்கள்.*

புது உரம் போட்டதும் தெரு முழுக்கச் செடிகள் இலை சுருண்டு செத்தன. என் தக்காளியும்தான்.

* சில களைக்கொல்லிகள் குவியலில் அழியாமல் உரத்திலேயே தங்கிவிடும். கட்டுரையில் வந்திருக்க வேண்டிய வரி.

4

புல் சேர்த்த உரத்தில் ஒன்று, புல் சேராத பழைய உரத்தில் ஒன்று என்று அவரைக்காய் விதை ஊன்றிப் பார்த்தாள். முதலாவது மட்டும் சுருண்டது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

“புல்லுக்கு மருந்து அடிப்பாங்களா மாப்ளே?”

“களைக்கு அடிப்பாங்க. ஏங்க்கா?” சொல்லி முடிக்கும்போதே அவர் முகம் செத்துவிட்டது. “அக்கா, வெளிய சொல்லிடாதீங்க. புல்ல வெளிய எடுத்துட்டுப் போனதே தப்பு. வேலை போயிடும். பாப்பாவோட வைத்தியமே அந்த வேலையிலதான் ஓடுது.”

5

தெருக்கூட்டம். சங்கத் தலைவர் எழுந்து நிற்கிறார்.

“எது விஷம், யாரு கொண்டாந்தா, ரெண்டும் தெரிஞ்சாகணும். இல்லேன்னா குவியல மூடிடுவோம். பழையபடி எல்லாம் லாரியில குப்பைமேட்டுக்கே போகட்டும்.”

முடிவு ஒன்று: அவள் சொல்லிவிடுகிறாள். குவியல் தப்பிக்கிறது. மாப்பிள்ளையின் வேலை போகிறது, பாப்பாவின் வைத்தியம்...

முடிவு இரண்டு: அவள் வாயைத் திறக்கவில்லை. லாரி வருகிறது. எங்கள் வீட்டுத் தோலெல்லாம் அந்தக் குழந்தையின் மூக்குக்கே...

இரண்டையும் என்னால் எழுதி முடிக்க முடியவில்லை.

அவள் எழுந்தாள். “யாருன்னு கேக்காதீங்க. தெரியாம வந்த தப்பு. கெட்டத நானே அள்ளிடறேன். இன்னொரு குவியல் போடலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க.”

எழுதுகிற எனக்கு எல்லாம் தெரியும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்குச் செத்த தக்காளி மட்டும்தான் தெரியும். என் கை மடியிலேயே கிடக்கிறது. பக்கத்து நாற்காலியும் அப்படியே.

அவள் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வருகிறாள். கடைசி வரிசையில் நீங்கள்.