காற்றுப் படாத நீலம்

மனைவியை வீட்டுக்கு அழைத்துப்போக அவள் வேலைபார்க்கும் கான்கிரீட் சோதனைக்கூடத்துக்கு வந்த கட்டட வடிவமைப்பாளர், அவள் அப்போதுதான் உடைத்துப்போட்ட கான்கிரீட் கட்டியைப் பார்த்தார். வெளியே வழக்கமான சாம்பல். உள்ளே பச்சையும் நீலமும் கலந்த நிறம். கலையுள்ளம் அல்லவா, கால் தரையில் பாவவில்லை.

அவள் பொறுமையாகச் சொன்னாள். "இது இரும்பு உலைக்கசடு கலந்த சிமென்ட். இறுகும்போது உள்ள இருக்கிற இரும்பு கந்தகத்தோட சேர்ந்து இந்த நிறம் வருது. காத்து பட்டா அது வேற பொருளா மாறிடும்ங்க. நிறம் நிக்காது."

அவர் தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து ஆட்டுகிற தலைதான். அதை நம்பி அவள் ஒரு நாளும் ஏமாந்ததில்லை. கட்டியை ஈரத்துணியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறையும் போட்டு, தான் அப்போது வடிவமைத்துக்கொண்டிருந்த விடுதியின் முதலாளியிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். வரவேற்பறைச் சுவர் முழுக்க இதே நிறம் வேண்டும் என்றார் முதலாளி. வர்ணமே தேவையில்லை, தானாக வரும் என்று இவர் அடித்துச் சொன்னார். சுவர் பிடித்துப்போனால் அடுத்த விடுதியும் இவருக்குத்தான் என்று பேச்சு.

கான்கிரீட் இறுகி, அச்சுப் பலகையைப் பிரித்தபோது சுவர் நினைத்ததைவிட நீலமாக இருந்தது. உடனே கைக்குழந்தையைப்போல அதைப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிப் போர்த்திவிட்டார். திறப்பு விழாவில் தாள் விலகியதும் கைதட்டல். அன்று இவர் நடந்த நடையைப் பார்த்தால், இரும்பைக் கண்டுபிடித்ததே இவர்தான் என்று தோன்றியிருக்கும்.

அப்புறம் காற்று தன் வேலையைப் பார்த்தது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கும் வழக்கமில்லை. கொஞ்ச நாளில் சுவர் அசல் சாம்பலாகிவிட்டது.

முதலாளி இருவரையும் வரவழைத்தார். இவரை விளக்கம் கேட்க, அவளைச் சுவர் உறுதிதானா என்று பார்க்க. சுவர் கெட்டி, ஒரு குறையுமில்லை என்றாள் அவள். இவரோ ஓரத்தில் ஒரு சில்லைப் பெயர்த்து, உள்ளே இன்னும் நீலம்தான் என்று காட்டினார்.

"அப்போ விருந்தாளிங்களைச் சுவத்துக்குள்ள தங்க வைக்கட்டுமா?" என்றார் முதலாளி. பிறகு, நிறம் போய்விடும் என்று யாருமே சொல்லவில்லையா என்று கேட்டார்.

அடுத்த விடுதி இவர் கண்முன் வந்து நின்றது. பக்கத்தில் மனைவி நிற்பது தெரிந்தும் நாக்கு முந்திக்கொண்டது.

"யாரும் சொல்லலை சார்."

அவள் கோபப்படவில்லை. அதுதான் இவருக்குப் பயமாக இருந்தது.

"நான் சொன்னேன் சார்," என்றாள். "ஆனா பொண்டாட்டியா சொன்னேன். அது சொன்னதுல சேராது."

அடுத்த விடுதிக்கு எந்த சிமென்ட் நல்லது, யாரை வைத்துக் கட்டலாம் என்று முதலாளி அவளிடம் விசாரிக்கத் தொடங்கினார். இவர் அவமானத்தில் கூனிக்குறுகி நின்றார். வீட்டுக்கு இருவரும் ஒரே வண்டியில்தான் போக வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.