ஒச்சப்பன் நிறுத்திய கோல்கீப்பர்

இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, யாரைக் கோல்கீப்பராக நிறுத்துவது என்ற சண்டை நாகல் நகர் கால்பந்துக் குழுவில் முற்றிவிட்டது. 1984ஆம் வருஷம் அது. எதிரணி கொடைரோடு.

கேப்டன் ஒச்சப்பன் டவுன் பஸ் கண்டக்டர். ஆட்டத்தில் கோல்கீப்பருக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். செயலாளர் தண்டாயுதபாணி பூட்டுக்கடை முதலாளி. பந்து, பனியன் எல்லாம் அவர் வாங்கிக் கொடுப்பது என்பதால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை. பழனிக்குமார்தான் நிற்க வேண்டும் என்றார் அவர். பத்தொன்பது வயது. அவன் பந்துக்குப் பாய்ந்தால் மைதானமே கைதட்டும். ஆனால் பெரிய ஆட்டம் எதிலும் இதுவரை நின்றதில்லை.

மற்றவன் செபஸ்தியான். முப்பத்து நாலு வயது, தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. ஏழு குழுக்களுக்கு ஆடியவன். குழு மேனேஜர் முகத்துக்கு நேரே மனதில் பட்டதைச் சொல்லிவிடுவான் என்பதால் யாரும் அவனை இரண்டாம் வருஷம் வைத்துக்கொண்டதில்லை. போன வருஷம் கொடைரோட்டுக்கே ஆடியிருந்தான்.

பிரியாணிக் கடை மாடியில் கூட்டம் நடந்தது. செபஸ்தியான் பழைய பாசத்தில் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடுவான் என்றார் தண்டாயுதபாணி. மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

ஒச்சப்பன் ஒரு மாதமாகப் பயிற்சியில் இருவரையும் பார்த்து வந்தான். பழனிக்குமார் பாய்ந்த பாதிப் பந்துகள், நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தால் பாயாமலே பிடித்திருக்கக் கூடியவை. செபஸ்தியான் பாய்வதே அபூர்வம். முன்னால் தடுக்கிறவர்களுக்குப் பின்னாலிருந்து இடது, வலது என்று சொல்லிக்கொண்டே இருப்பான். பந்து நேராக அவன் நெஞ்சுக்கு வரும்.

"கோலுக்கு முன்னாடி நிக்கிறவன் நானு. எனக்குப் பின்னாடி செபஸ்தியான்தேன் நிப்பான். முடியாதுன்னா எம்பேரையும் அடிச்சுருங்க."

தோற்றால் கேப்டன் பதவி போய்விடும் என்றார் தண்டாயுதபாணி. ஒச்சப்பன் சரி என்றான். பழனிக்குமாரிடம் அவனே போய் விஷயத்தைச் சொன்னான். தான் மோசமா என்று பழனிக்குமார் கேட்டான். நீ நல்ல ஆட்டக்காரன், இந்த ஆட்டத்துக்கு அவன் உன்னைவிட நல்லவன் என்றான் ஒச்சப்பன்.

ஞாயிற்றுக்கிழமை கொடைரோடு அடித்துக்கொண்டே இருந்தது. செபஸ்தியான் பிடித்துக்கொண்டே இருந்தான். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கையில் பந்து ஒச்சப்பனின் கையில் பட்டது. பெனால்டி. செபஸ்தியான் அதையும் தட்டிவிட்டான். திரும்பி வந்த பந்தை அவர்கள் ஓடிவந்து உள்ளே உதைத்தார்கள். அந்த ஒரு கோலில் ஆட்டம் போயிற்று.

கூட்டத்தில் யாரோ, ஆட்டத்த வித்துட்டான் என்று கத்தினார்கள். மண்கட்டி ஒன்று செபஸ்தியானின் தோளில் வந்து விழுந்தது. ஒச்சப்பன் அவன் தோளில் கைபோட்டு, வேலிப் பக்கம் ஒதுங்காமல், மைதானத்தின் நடுவே நடத்திக் கூட்டி வந்தான். தண்டாயுதபாணி கை நீட்டினார். ஒச்சப்பன் கேப்டன் பட்டையைக் கழற்றிக் கொடுத்தான்.

"பட்டையை வச்சுக்கங்க. பந்து எங்கையிலதேன் பட்டுச்சு, தப்பு என்னுது. நாளைக்கே ஆட்டம் வச்சாலும் இவனைத்தேன் நிறுத்தணும்பேன்."

தண்டாயுதபாணி பட்டையைக் கருப்பணனிடம் கொடுத்தார். நடுவில் ஆடும் கருப்பணன் அதிகம் பேசாதவன். அடுத்த வார ஆட்டத்துக்கான பட்டியலில் அவன் எழுதிய முதல் பெயர் செபஸ்தியான். இரண்டாவது பெயர் ஒச்சப்பன். தண்டாயுதபாணி பட்டியலைப் படித்துவிட்டு, இனிமேல் பந்து வாங்கித் தர முடியாது என்று சொல்லி அனுப்பினார்.

கிழிந்த பந்தைத் தோல் ஷாப்பில் தைத்துக்கொண்டு வந்து ஆடினார்கள்.